ஒரு வரிக்கு இரண்டு பெயர்

அக்ரா அலுவலகத்தில் திருத்தித் திருத்தி எழுதியே எஃபுவாவுக்குக் கழுத்து நோவு தாங்கவில்லை. அவள் எழுதிய தரவுத்தளக் கையேட்டைக் கேப் கோஸ்ட் அலுவலகத்திலிருந்து மேலதிகாரி குவான்சா மூன்றாம் முறையாகத் திருப்பி அனுப்பியிருந்தார்: "அட்டவணையில ஒரே வரியை இங்க 'ரோ'ங்கறே, அங்க 'ரெகார்டு'ங்கறே. ஏதாவது ஒண்ணுல நில்லு!"

அவள் வேலை நிரந்தரமாவது அவர் கையில் இருந்தது.

அலுவலக வாட்ஸ்அப்பில் பழகிய, முகம் பார்த்திராத எபோவிடம் புலம்பினாள். "அண்ணே, அந்தக் குவான்சா ஒரு கிழட்டுக் கடா!"

"திங்கக்கிழமை அக்ரா வர்றாராம். அவர்கிட்டயே சொல்லேன்," என்று பதில் வந்தது.

திங்களன்று வந்த குவான்சா கையேட்டைப் புரட்டினார். எல்லா இடத்திலும் 'ரோ'.

"வேலை நிரந்தரம்மா," என்றவர் சிரித்தார். "நம்ம வழக்கப்படி, செவ்வாய்க்கிழமை பொறந்ததால வீட்ல நான் எபோ. ஆபீஸ்ல குவான்சா. மூணாவது பேரு நீ வெச்சது."

 எஃபுவா அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.