மூன்றாவது இருமல்

மேசைக்கு மேலே தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. மேசைக்குக் கீழே குகனேஸ்வரியின் புருசன் இராசரத்தினம் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார்.

"மூச்சுக் காட்டக் கூடாது, என்ன? நான் மூண்டாந்தரம் இருமினாப் பிறகுதான் வெளியிலை வரவேணும்" என்று அவள் குனிந்து சொன்னாள்.

"ஓமப்பா, எனக்குத் தெரியாதோ!" என்றார் உள்ளேயிருந்து. அவள் வேலை செய்யும் இத்தாலிய வீட்டுச் சிஞ்ஞோரா அம்மா கொடுத்த பழைய மேசைவிரிப்பு நிலம் வரைக்கும் தொங்கியதால், ஆள் இருப்பது வெளியே தெரியவில்லை.

குகனேஸ்வரிக்கு இதைவிட்டால் வேறு வழி கிடையாது. நாளை வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கொமூனே என்கிற நகரசபை அலுவலகத்தில் கலியாண எழுத்து. பெண் அவளுடைய மகள் நிரோசினி, வயது பத்தொன்பது. மாப்பிள்ளை கோபாலசிங்கம் சாமி, வயது நாற்பத்தாறு.

ஒரு கிழமை தங்கிப் போகிறேன் என்று திருநீற்றுப் பையோடு பலெர்மோவுக்கு வந்த சாமி, ஒன்பது மாதமாக இவர்கள் வீட்டில்தான் எழுந்தருளியிருக்கிறார். நல்ல அறை அவருக்கு, குசினியில் பாய் இவர்களுக்கு. "சாமி கேட்டால் மகளென்ன, உயிரையும் குடுப்பன்" என்று இராசரத்தினம் ஒரே பிடியாக நின்றார்.

குகனேஸ்வரி அழுதாள், காலில் விழுந்தாள். சாமியின் பார்வை சரியில்லை என்று வாய்விட்டே சொன்னாள். "உன்ரை மனசுதான் சரியில்லை" என்று அவளுக்குத்தான் ஏச்சு விழுந்தது. நிரோசினி மூன்று நாளாகச் சோற்றைத் தொடவில்லை.

அந்த ஆற்றாமையில்தான் அவளுக்கு நாடகம் நினைவுக்கு வந்தது. தொண்ணூற்றேழாம் ஆண்டுச் சித்திரை வருசப்பிறப்புக் கொண்டாட்டத்துக்கு, ஜான்-குளோட் என்ற மொரீசியஸ்காரர் தான் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பழைய பிரெஞ்சுப் பகிடி நாடகத்தைத் தமிழில் பழக்கிக்கொண்டிருந்தார். பக்திமான் வேசம் போட்ட ஒருவன் ஒரு வீட்டுக்குள் புகுந்து, மகளைக் கட்டக் கேட்டுக்கொண்டே வீட்டுக்காரன் மனைவி மேலேயே கை வைக்கப் பார்க்கிற கதை. மேசைக்குக் கீழே ஒளிந்திருந்து கேட்கும் புருசனுக்கு அப்போதுதான் கண் திறக்கும்.

பிரெஞ்சுப் பெயர்கள் ஒருவர் வாயிலும் நுழையாததால், நடிப்பவர்களின் சொந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். புருசன் இராசரத்தினம், மனைவி குகனேஸ்வரி, மகள் நிரோசினி. போலிச்சாமி வேசம் மட்டும் வெளியாள் பெனடிக்றுக்கு.

"இப்பிடியும் ஒரு மடையன் உலகத்திலை இருப்பானோ!" என்று ஒவ்வொரு ஒத்திகையிலும் இராசரத்தினம் விழுந்து விழுந்து சிரிப்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் குகனேஸ்வரிக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

சாமியை வேவு பார்க்க வாருங்கோ என்றால் அந்த மனிசன் வருவாரா? பெனடிக்ற் வாறான், மேசைக் காட்சியை ஒருக்காப் பழகுவம் என்று சொல்லித்தான் ஆளைக் கீழே இறக்கினாள். சாமியின் குரல் காதில் விழுந்தால் மிச்சத்தை அவரே விளங்கிக்கொள்வார்.

கதவைத் தள்ளிக்கொண்டு கோபாலசிங்கம் சாமி வந்தார். வியாழக்கிழமை விரதம் என்று காலையில் சொன்ன வாயில், பல்லரோச் சந்தைப் பொரித்த மீன் மணந்தது.

"இராசரத்தினம் இல்லையோ, தங்கச்சி?"

"அவருக்கு இண்டைக்கும் வேலை. வர ஆறு மணியாகும்" என்றாள் குகனேஸ்வரி. "நீங்கள் இருங்கோ. தேத்தண்ணி குடியுங்கோ."

தேத்தண்ணியை விட்டுவிட்டுத் தங்கச்சியின் கையைப் பிடித்தார் சாமி. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. மகளின் முகத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு நான் உங்களுக்கு மாமியெல்லோ?"

"இண்டைக்கு வியாழன்தானே" என்றார் சாமி.

அவள் முதல் தரம் இருமினாள்.

"இது பாவமில்லையோ?"

"பாவமெண்டால் பரிகாரம் இருக்கு. அதைச் செய்யிறவனும் நான்தானே."

மேசைவிரிப்பு மெல்ல நடுங்கியது. பாவம், உள்ளே இருந்து அழுகிறார் என்று நினைத்தாள். பெற்ற வயிறு கொஞ்சம் குளிர்ந்தது. இரண்டாவது தரம் இருமினாள்.

"இருமலோ? திருநீறு போட்டு விடட்டோ?" என்று சாமி கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார்.

"அவர் அறிஞ்சால் என்ன செய்வியள்?"

"ஆர், இராசரத்தினமோ? நான் தும்மினாலும் அருள்வாக்கெண்டு கும்பிடுற ஆள். அந்த மடையனுக்கு நான் ஏன் பயப்பிட வேணும்? நிரோசினியைக் கட்டுறதே, இந்த வீட்டை விட்டு ஒருத்தரும் என்னைக் கிளப்பாமல் இருக்கத்தான்."

இதற்கு மேல் என்ன வேண்டும்? மூன்றாவது தரம், நெஞ்சு கிழிய இருமினாள்.

விரிப்பு விலகியது. இராசரத்தினம் தவழ்ந்து வெளியே வந்து எழுந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்து, கன்னம் முழுக்கக் கண்ணீர் வழிந்திருந்தது.

சாமி கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். நெற்றித் திருநீற்றை வேர்வை கரைத்துக்கொண்டு இறங்கியது.

இராசரத்தினம் இரண்டு கைகளையும் ஓங்கினார். சாமி முகத்தைப் பொத்திக்கொண்டார். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாகக் குகனேஸ்வரி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

ஓங்கிய கைகள் ஒன்றோடொன்று தட்டின. விடாமல் தட்டின.

"பெனடிக்றைவிட நீங்கள் திறமாய் நடிக்கிறியள், சாமி!"