கதவுக்கு இந்தப் பக்கம்

நெற்றிப் பொட்டை எடுத்து ஓவியத்தின் பெயர்ச்சீட்டில் ஒட்டிவிட்டாள்.

யாரும் பார்க்கவில்லை.

சீட்டில் சிவப்புப் பொட்டு இருந்தால் படம் விற்றுவிட்டது என்று அர்த்தம். கண்காட்சிக்கு வந்த முதல் நாளே அங்கு வேலை பார்க்கும் பெண் சொல்லியிருந்தாள். நல்லவேளை, இவள் வைத்திருந்ததும் சிவப்புதான்.

வேறு வழியில்லை. சற்று முன் ஒருவர் இந்தப் படத்தைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார். அவர் வீட்டு சோபாவுக்கு மேலே கச்சிதமாக இருக்குமாம். மனைவியைக் கூட்டிவரப் போயிருக்கிறார்.

சோபாவுக்கு மேலே! 

பெரிய படம் ஒன்றும் இல்லை. இருட்டான அறை. சாத்திய கதவு. கதவுக்கு அடியில் ஒரு கோடு வெயில். அந்தக் கோட்டின் நடுவே இரண்டு கால்களின் நிழல்.

வெளியே யாரோ நிற்கிறார்கள்.

யாரோ என்ன, அவள்தான்.

தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டவள், வயிற்றில் பிள்ளையோடு அம்மாவைப் பார்க்கப் போன மதியம் அது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே ஃபேன் ஓடுவது கேட்ட மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது. கதவு திறக்கவில்லை. வீட்டில் ஆள் இல்லை போல என்று தன்னைத் தேற்றிக்கொண்டு திரும்பினாள்.

இனி கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியாது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

வரைந்தவர் யாரோ, எந்த ஊரோ. ஆனால் உள்ளே இருட்டில் ஒருத்தி நின்று பார்த்துக்கொண்டிருந்தால், அவளுக்கு இப்படித்தான் தெரிந்திருக்கும்.

அம்மா அப்படிப் பார்த்திருந்தால் போதும் என்றிருந்தது. திறக்காவிட்டாலும் பரவாயில்லை.

ஆசை வெட்கம் அறியாது. வெறும் நெற்றியோடு பஸ் ஏறினாள். பக்கத்து சீட்டுக்காரி பரிதாபமாகப் பார்த்தாள்.

மறுநாள் கண்காட்சியின் கடைசி நாள்.

படம் அங்கேயே இருந்தது. சோபாக்காரர் ஏமாந்துதான் போயிருக்க வேண்டும். கடைப் பொட்டு எது, கண்காட்சிப் பொட்டு எது என்று பிரித்துப் பார்க்க ஆண்களுக்கு வராது.

ஆனால், அவள் பொட்டுக்குக் கீழே இன்னொரு பொட்டு இருந்தது.

பெரியது. அரக்கு நிறம்.

எதிர் பெஞ்சில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். வயதானவர். முன்பின் பார்த்த முகமில்லை. நெற்றியில் பொட்டு இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. அவரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கூட்டம் கலைந்தது. பேச்சுச் சத்தம் எங்கோ தள்ளிப் போய்விட்டது. படத்திலிருந்த வெயில் மெல்ல இறங்கி, தரையில் ஊர்ந்து, இருவருடைய கால்களுக்கும் பக்கத்தில் வந்து நின்றது போலிருந்தது.

அம்மாள் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ரொம்ப நேரம் நின்னிருப்பாளோ?”

நிற்பது ஆணா பெண்ணா என்று படத்தில் ஒரு அடையாளமும் இல்லை.

கால் மரத்துப்போகும்வரை நின்றவள் அவள். படியை விட்டு வெயில் போன பிறகும் நின்றவள்.

“இல்லம்மா,” என்றாள். “உடனே போயிட்டா.”