படகைத் தட்டிப் பார்க்கிறார்கள்

ஏவன்டேலில் ஒரு வீட்டின் முன்றல். ட்ரெய்லரில் நிற்கும் பழைய ஃபைபர் படகிலிருந்து மழைநீர் இன்னும் சொட்டுகிறது. அதை வாங்க வந்த ஜூலியன் அடியில் மல்லாந்து கிடந்து, திருப்புளியின் பிளாஸ்டிக் பிடியால் ஒவ்வோர் அங்குலமாகத் தட்டுகிறான். டக், டக். "மெல்லமாத் தட்டுங்கோ, ஞாயிறு கோயில் பூசையில முகம் பாக்கவேண்டிய மனிசர்," என்று மனைவி ஷாமிலா குனிந்து முணுமுணுக்கிறாள். அவனுக்கும் கூச்சம்தான். ஆனால் சனிக்கிழமை இதில் ஏறப்போகிறவர்கள் அவர்களுடைய இரண்டு பெண்பிள்ளைகள். "நீர் டொக்டருக்குப் படிச்சிருக்கலாம் தம்பி," என்று தேநீர்க் கோப்பையோடு சிரிக்கிறார் படகை விற்கும் சில்வெஸ்ரர். "அது கல்லில முட்டின சின்னச் சிராய்ப்பு. நானே பூசினனான்." பூசிய இடம் உள்ளங்கையளவு, சற்று மஞ்சளாகத் தெரிகிறது. அங்கே சத்தம் மாறுகிறது. ஈர அட்டையைத் தட்டியதுபோல் தொப், தொப். மஞ்சளைத் தாண்டியும் அதே சத்தம்; உள்ளே நீர் ஊறி இற்றுப்போயிருக்கிறது. அது கேட்கும் இடமெல்லாம் ஜூலியன் பென்சிலால் குறிக்க, கோடு ஒரு முழத்துக்கு நீள்கிறது. சில்வெஸ்ரரின் சிரிப்பு நிற்கிறது. கோப்பையை ஈரச் சிமெந்தில் வைத்துவிட்டு, "இஞ்ச தாரும்," என்று திருப்புளியை வாங்கி, முழங்காலிட்டுத் தானும் தட்டுகிறார். ஜூலியன் எழுந்து கையைத் துடைக்கிறான். அவனுக்குக் கேட்டது போதும். ஷாமிலா கார்ச் சாவியை எடுத்துவிட்டாள். சில்வெஸ்ரர் நிறுத்தவில்லை. பென்சில் கோட்டுக்கு வெளியேயும் தொப் என்றே கேட்கிறது. "நேற்றும் பேரப்பிள்ளையளை ஏத்திக்கொண்டு போனனான்," என்கிறார், ஒருவரையும் பார்க்காமல்.