டிக்கியில் ஒரு வழக்கு

"இந்தச் சத்தத்தை நிறுத்தறீங்களா, இல்ல நான் குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதவா?"

மாடி வீட்டு ஜட்ஜ் வந்து நின்றபோது, கணக்கு வாத்தியாரின் பாதி உடம்பு கார் டிக்கிக்குள் இருந்தது. கையில் அளவு டேப், காதில் பென்சில்.

ஜட்ஜ் என்றால் ஓய்வு பெற்ற ஜட்ஜ். நாற்காலியை விட்டு இறங்கி வருஷக்கணக்காகியும் குரல் மட்டும் இறங்கவே இல்லை.

வாத்தியாருக்கு ரொம்ப நாள் ஆசை. காரில் பாட்டுப் போட்டால் அடிச்சத்தம் சுத்தமாக நெஞ்சில் வந்து உட்கார வேண்டும். அதற்கென்றே இருக்கிற சப்வூஃபர் ஸ்பீக்கர் வாங்கினார். அதைப் பொருத்தும் மரப்பெட்டியை மட்டும் கடையில் வாங்காமல் தானே கணக்குப் போட்டுச் செய்தார். உள்ளே அடைபடும் காற்று சரியான அளவில் இருந்தால்தான் ஓசை ஒழுங்காக வருமாம். கணக்கு வாத்தியாருக்குச் சொல்லவா வேண்டும், தசமப் புள்ளி வரை போட்டார்.

வந்தது என்னவோ ஒரே 'டும்'. எந்தப் பாட்டைப் போட்டாலும் அதே 'டும்'. மேலே ஜட்ஜ் வீட்டு ஜன்னல் கண்ணாடியும் கூடவே தாளம் போட்டது.

ஒரு வாரம் டைம் கேட்டுக் கெஞ்சினார் வாத்தியார்.

"சரி, அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு வாய்தா. நானே உக்காந்து கேப்பேன். சரியா இல்லைன்னா பெட்டியைக் கழட்டிடணும்."

வாத்தியாரின் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் நர்ஸ். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நோயாளிகளிடம் காட்டும் பொறுமையில் வீட்டுக்கு மிச்சம் வருவது கொஞ்சம்தான். அந்த மனுஷனுக்கு வேறு வேலை இல்லை என்றாள். உங்களுக்கும்தான் இல்லை, காய்கறிப் பை வைக்க டிக்கியில் இடம் இருக்கிறதா என்று புருஷனையும் சேர்த்து வாங்கினாள்.

வாத்தியார் கணக்கைத் திரும்பப் பார்த்தார். வெளிப்பக்கத்தை அளந்துவிட்டு, பலகையின் கனத்தைக் கழிக்க மறந்திருந்தார். மாணவர்கள் செய்தால் மார்க்கைக் குறைக்கிற தப்பு. வெட்கத்தோடு வேறு பலகை அறுத்தார்.

ஞாயிறு வந்தது. ஜட்ஜ் இஸ்திரி போட்ட சட்டையோடு இறங்கி வந்து, முன் சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடி ஒரு பாட்டை முழுசாகக் கேட்டார்.

"டும் போயிடுச்சு. ஆனா எங்கயோ புஸ்ஸுனு காத்து போகுது. வாய்தா."

வாத்தியார் மூலைகளில் பசை தடவி இடுக்கையெல்லாம் அடைத்தார். அடுத்த வாரம் காரின் பின்பக்க நம்பர் பிளேட் அதிர்வது ஜட்ஜ் காதுக்குக் கேட்டது. அதற்கும் அடுத்த வாரம் பெட்டியின் ஒரு பக்கப் பலகை தனியாக முனகுகிறது என்றார். உள்ளே குறுக்குக்கட்டை கொடுத்து, பஞ்சும் வைத்தார் வாத்தியார். ஒவ்வொரு தடவையும் ஜட்ஜ் சொன்னது உண்மையாக வேறு இருந்து தொலைத்தது.

"வேணும்னே குத்தம் தேடறார்" என்று கொதித்தாள் மனைவி. "பெட்டியைத் தூக்கிப் போடுங்க, நிம்மதியா இருக்கலாம்."

வாத்தியாருக்கு மனசு வரவில்லை. ஆசை ஆசையாகச் செய்த பெட்டி.

கடைசியில் ஒரு ஞாயிறு எல்லாம் கூடி வந்தது. டிரம் டிரம்மாகவே கேட்டது. பேஸ் கிடாரின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக நடந்து வந்தது. ஜன்னல் கண்ணாடி வாயே திறக்கவில்லை. வேண்டாவெறுப்பாகப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்த மனைவிகூடக் காலால் தாளம் போட்டாள். வாத்தியாருக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

"குத்தம் ஒண்ணும் இல்ல. பெட்டி இருக்கட்டும்" என்றார் ஜட்ஜ். பாட்டு முடிந்தும் அவர் உடனே இறங்கவில்லை. "அப்ப... இனிமே நான் வர வேண்டியதில்ல."

கார்க் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு நடந்தார். அவர் மாடியேறி மறைகிற வரை மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த ஞாயிறு வாத்தியார் ஆசையோடு பாட்டைப் போட்டார்.

டர்ர்ர்.

அவருக்குப் பகீரென்றது. போன வாரம் தேன் மாதிரி பாடிய பெட்டி. பாட்டை நிறுத்துவதற்குள் மனைவி மாடி ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டாள்.

"ஐயா, பெட்டியில திரும்பவும் ஏதோ சத்தம் வருது. கொஞ்சம் வந்து கேட்டுச் சொல்லுங்களேன்."

ஜட்ஜ் வந்தார். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. முன் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியவரின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"வாத்தியாரே, இது லேசுல முடியற கேஸ் இல்ல போலிருக்கு."

வாத்தியார் வியர்க்க வியர்க்க டிக்கிக்குள் தலையை விட்டார். பெட்டியின் ஒரு மூலையில் ஸ்க்ரூவையே காணோம். அவரே முறுக்கி வைத்தது, தானாகக் கழன்று விழ வாய்ப்பே இல்லை. தரை விரிப்பைத் தூக்கித் தேடினார்.

டீயோடு வந்த மனைவி அவர் பக்கத்தில் குனிந்தாள்.

"வீட்ல டிவியில என்ன பாக்கலாம்னுகூட அவரை யாரும் கேக்கறதில்லையாம். அவங்க மருமகளே சொன்னா" என்றாள் கிசுகிசுப்பாக. "மெதுவாவே தேடுங்க. ஸ்க்ரூ எங்கிட்டதான் இருக்கு."