மகளின் வசனம்

அப்பா வேதாகமத்தை விரிக்கிறார். ஜன்னல் வெயில் பக்கத்தின் மேல் விழுகிறது. டம்ளரிலிருந்து புதுக் காப்பித்தூளின் மணம் எழுகிறது. ஒரு வசனம் அவருக்கு, அடுத்தது மகளுக்கு என்பது அவள் எழுத்துக்கூட்டிப் படித்த நாளிலிருந்தே வீட்டு வழக்கம். வேலை கிடைத்து அவள் வெளியூர் போன பிறகும் தன் வசனத்தை மட்டுமே உரக்கப் படிக்கிறார், பிடிவாதக்காரர். அவள் முறை வரும்போது அதைப் படிக்காமல் ஒரு மடக்குக் காப்பி குடிக்கிறார். காப்பி திக்காக, கசப்பும் இனிப்பும் அளவாக இருக்கிறது; நல்லாயிருக்கு என்று சொல்லத்தான் ஆளில்லை. இன்று அதிகாரத்தின் கடைசி வசனம் அவள் பங்கில் வருகிறது. டம்ளரும் காலி. ஃபோன் போடுகிறார்.

"உன் வசனம் ஒண்ணு பாக்கி இருக்கும்மா."

"மீட்டிங்ல இருக்கேன்பா. நீங்களே படிச்சிடுங்களேன்."

"சரிம்மா" என்று வைத்துவிடுகிறார். அந்த வரியின் மேல் விரலை வைத்து, காலி டம்ளரை ஒருமுறை வாய்க்கு உயர்த்துகிறார். ஆமென் மட்டும் வரமாட்டேன் என்கிறது.