பால்பவுடர் டப்பா

"அம்மா, யாரு வந்து கேட்டாலும் நான் வூட்ல இல்லன்னு சொல்லு!"

பவ்யா கத்திய கத்தலில், அடுப்படியில் இருந்த ஷோபாவின் கையிலிருந்து கரண்டியே நழுவிவிட்டது.

பாவம், பவ்யாவும்தான் என்ன செய்வாள்? மறுநாள் மாஸ் டிரான்ஸ்ஃபர் பாடத்தில் பரீட்சை. பெங்களூரில் கெமிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். விடியுமுன் ரயில் ஏறி இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவளுக்கு, புத்தகத்தை நிம்மதியாகத் திறக்க ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் உண்டு. அந்த ஒரு நாளையும் ஆண்டர்சன்பேட்டைக்காரர்கள் விட்டுவைப்பதாக இல்லை.

முதல் வருஷம், "ஃபினாயில் செய்யக் கத்துக் குடுத்தாங்களா?" என்று கேட்டார்கள். சிரித்துச் சமாளித்தாள். அப்புறம்தான் வினை வந்தது. கெமிக்கல் படிக்கிறவளுக்கு மண்ணிலிருந்து தங்கம் பிரிக்கத் தெரியாமலா இருக்கும் என்று எந்தப் புண்ணியவானோ கிளப்பிவிட்டான்.

ஊரின் தங்கச் சுரங்கத்தை மூடி இத்தனை வருஷமாகியும் சயனைட் மேடு மட்டும் அப்படியே நிற்கிறதே! பாறையை அரைத்து, சயனைடில் ஊறவைத்து, தங்கத்தை எடுத்துக்கொண்டு கொட்டிவிட்டுப் போன மண். அதில் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருக்கும் என்கிற ஆசை யாரை விட்டது? எதிர்வீட்டுத் துரை அந்த மண்ணைப் பையில் கட்டிக்கொண்டு வந்தான். வெங்கடம்மா முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

"சும்மா பாத்து சொல்லும்மா. வந்ததுல பாதி உனக்கு."

போன மாதம் மேட்டில் மண் அள்ளிய சிலரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து பவ்யா யாருக்கும் முகம் கொடுப்பதில்லை. அவர்களில் ஒருத்தன், 'அந்தப் பொண்ணுதான் டெஸ்ட் பண்ணிக் குடுக்குது' என்று உளறினால் போதும். காலேஜை விட்டே துரத்திவிடுவார்கள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"பவ்யா இருக்குதாக்கா?"

சைலஸ். பெங்களூரில் ஒரு அப்பார்ட்மென்டில் செக்யூரிட்டி. பவ்யா போகும் அதே ரயிலில் போகிறவர். சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார் போல, வெள்ளைச் சட்டை கசங்கவில்லை. கையில் ஒரு பால்பவுடர் டப்பா. இதே டப்பாவை ரயிலிலும் ஒருமுறை நீட்டினார். பவ்யா முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பெட்டிக்குப் போய்விட்டாள்.

"அவ வந்து... வூட்ல இல்லப்பா" என்றாள் ஷோபா. அவளுக்குப் பொய் சொல்ல வராது. கண் உள்ளறைப் பக்கம் போனது.

பவ்யாவுக்குப் பொறுக்கவில்லை. பேனாவை எறிந்துவிட்டு வெளியே வந்தாள்.

"இன்னாண்ணா, ரயில்ல பட்டது போதாதா? வூடு தேடி வேற வந்துட்டீங்க?"

"ஒரே நிமிசம்மா. இந்த மண்ண உங்க காலேஜ் லேப்ல குடுத்து..."

"குடுத்து? நான் போலீஸ் ஜீப்புல ஏறணுமா? நீங்க ஒரே ராத்திரில பணக்காரன் ஆவணும், அதுக்கு என் படிப்புல மண்ண போடணுமா?"

"ஐயோ, அது இல்லம்மா. நான் இன்னா சொல்ல வந்தேன்னா..."

"எல்லாரும் இதத்தான் சொல்லிக்கினு வர்றாங்க! சர்ச்சுல முன்வரிசைல குந்துற ஆளு நீங்க. வெக்கமா இல்ல?"

"பவ்யா, மெதுவா பேசுடி" என்றாள் ஷோபா.

"இன்னாத்துக்கு மெதுவா? தெருவே கேக்கட்டும்!"

தெரு கேட்கத்தான் செய்தது. குழாயடியில் நின்ற பெண்கள் குடம் நிறைந்து வழிவதைக்கூடக் கவனிக்காமல் இந்தப் பக்கமே பார்த்தார்கள். சைலஸின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் டப்பாவை நீட்டிய கை மடங்கவில்லை.

அதுதான் பவ்யாவின் ஆத்திரத்தைத் தலைக்கு ஏற்றியது. எவ்வளவு திட்டியும் ஆசை விடவில்லையே! டப்பாவைப் பிடுங்கினாள். மூடியைத் திருகி எறிந்தாள். வாசலில் அப்படியே கவிழ்த்தாள்.

ஆடிக் காற்று சும்மா இருக்குமா? சாம்பல் நிறத் தூள் குபுகுபுவென்று எழும்பி அவள் முகத்திலேயே அடித்தது. லேபில் மாஸ்க் இல்லாமல் ஒரு பாட்டிலைத் தொடமாட்டாள். இங்கே கோபத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

"மூக்க மூடும்மா! மூச்சு இழுக்காத!"

சைலஸ் பாய்ந்து வந்து தன் கைக்குட்டையை அவள் கையில் திணித்தார். வாசலோரம் இருந்த பக்கெட்டிலிருந்து தண்ணீரை அள்ளி அள்ளித் தெளித்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் சேறானது. தூள் ஒரு வழியாக அடங்கியது.

பவ்யா இருமிக்கொண்டே கேட்டாள். "இன்னா, தங்கம் காத்துல பறந்துடுமேன்னு பதறுறீங்களா?"

சைலஸ் காலி டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் உயரவில்லை.

"இது மேட்டுல போயி அள்ளுன மண்ணு இல்லம்மா. எங்க வூடு மேட்ட ஒட்டினாப்பல கீது. காத்தடிச்சா வூட்டுக்குள்ள வந்து கொட்டுது. தினமும் எங்க கொழந்தையோட தூளிக்கு அடியில என் பொஞ்சாதி சில்வியா பெருக்கிச் சேத்து வச்சது."

பவ்யா இருமலை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"கொழந்தையும் உன்ன மாதிரிதாம்மா, இருமிக்கினே கீது. இதுல எவ்ளோ தங்கம்னு கேக்க வர்லம்மா. எவ்ளோ விஷம்னு கேக்கத்தான் வந்தேன்."