மதில் ஏறாத மருமகள்கள்

தண்ணீர் கேட்ட வீடு சரியான வீடுதான்.

நிலைப்படிக்கு மேலே வைரவனின் பட்டமளிப்புப் படம் மாட்டியிருந்தது. அவள் அதைப் பார்க்காததுபோல் பார்த்தாள்.

சொம்பை நீட்டியவர் அவனுடைய அம்மா. அதே மூக்கு.

"கோட்டை பாக்க வந்தீகளாத்தா?"

"ஆமாம்மா."

பொய்யில்லை. கோட்டையையும்தான் பார்க்க வந்திருந்தாள்.

ஜாதகத்தோடு இந்த வீட்டுக்கு வந்த படத்தில் அவளுக்குப் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. இப்போது தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் கேமரா. பெற்றவளே இன்னொரு தரம் பார்த்துத்தான் அடையாளம் சொல்வாள்.

வைரவனைப் பிடித்திருந்தது. அதில் சிக்கலில்லை. ஆனால் கல்யாணமானால் வாழ வேண்டியது இந்த ஊரில். அரசர் காலத்து மதிலுக்குள், அவன் குடும்பத்தோடு. ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்லியாக வேண்டும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லி வளர்த்தவர்கள்தான், ஒரு போட்டோவைக் காட்டிவிட்டுக் காலை விடச் சொல்கிறார்கள்.

அவளுக்குக் கோபம் இருந்தது. கோபத்தைவிட, அப்படி என்னதான் இருக்கிறது அந்த ஊரில் என்கிற ஆர்வம் அதிகம் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாள்.

வெயில் தாழட்டும் என்று சொல்லிப் பார்த்துவிட்டு, வைரவனின் அம்மாவே சுற்றிக்காட்டக் கூட வந்தார்.

கேள்வி என்று வந்துவிட்டால் அவளுக்கு வாய் நிற்காது.

கோட்டை வாசல் ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறது? யானை ஓடிவந்து கதவை முட்டாமலிருக்க.

காவல் அறையில்? மோட்டார் சைக்கிள்.

கொத்தளத்தின் உச்சியில்? டிஷ் ஆன்டெனா. அங்கே வைத்தால் மழையிலும் படம் விழுமாம்.

மதிலில் இந்த ஓட்டைகள்? அம்பு விட. இப்போது கிளிகள் குடியிருந்தன.

அகழியில் முதலை வளர்த்தார்கள் என்று சொன்னார். அவள் ஆசையாக எட்டிப் பார்த்தாள். ஆகாயத்தாமரைக்கு நடுவே ஓர் எருமை அவளைப் பார்த்தது.

சிரித்துவிட்டாள். ஊர் பிடித்துப்போய்க்கொண்டிருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது.

மதில்மேல் ஏறும் படிக்கட்டு வந்ததும் அம்மா நின்றுவிட்டார்.

"நீங்க ஏறிப் பாருங்கத்தா. நான் இங்கன நிக்கிறேன்."

"கால் வலியாம்மா?"

"வலியெல்லாம் இல்ல. இந்தக் கோட்டைக்கு வாழ வந்தவுக மதில் ஏறக் கூடாது. இங்க பொறந்த பிள்ளைக ஏறலாம். ஒங்கள மாதிரி பாக்க வந்தவுக ஏறலாம்."

"ஏன்?"

"மேல நின்னா பொறந்த ஊரு தெரியுமாம். தெரிஞ்சா மனசு இங்க நிக்காதாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவள் ஏறினாள்.

பகைவரைத் தடுக்கக் கட்டிய மதில் என்று படியோரத்துப் பலகையில் எழுதியிருந்தது.

மேலே நல்ல காற்று. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியையும் கழற்றினாள். நாலு பக்கமும் வயல், பனை, தூரத்தில் ஒரு ரயில் பாதை. பொழுதெல்லாம் நின்று பார்க்கலாம்.

இன்றைக்குப் பார்க்கலாம். தாலி ஏறிவிட்டால் அவளும் கீழேதான் நிற்க வேண்டும்.

இந்தச் சம்பந்தமே வேண்டாம். பஸ் ஏறியதும் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும்.

கீழிருந்து குரல் வந்தது. தெருவுக்குக் கேட்காத குரல்.

"வடக்க ஒரு கம்மா தெரியுதாத்தா? கரையில கோயில் ஒண்ணு, வெள்ளையடிச்சு..."

பிறகு அவரே சொன்னார்.

"எங்கப்பா போனதோட போக்குவரத்து நின்னுபோச்சு. அதான் கேட்டேன்."

அவள் வடக்கே திரும்பினாள்.

தெரிந்தது. கண்மாய். கரை. வெயிலில் பளிச்சென்று அந்தக் கோயில். பின்னால் ஓட்டு வீடுகள். ஒரு வீட்டுக் கொல்லையில் யாரோ துணி காயப்போட்டிருந்ததுகூடத் தெரிந்தது.

அம்மா கையைக் கண்ணுக்குமேல் குடைபிடித்து அண்ணாந்து நின்றார். அவருக்கு எதிரே சுவர்தான் இருந்தது.

அவள் விளிம்புக்கு வந்து குனிந்தாள்.

"எனக்குத் தெரியலையே அத்தை. நீங்க மேல வந்து காட்டுங்க."

அவர் கண்ணுக்குமேல் வைத்திருந்த கையை இறக்கினார்.

மேலேயிருந்த முகத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

செருப்பைக் கழற்றிப் படியோரம் வைத்தார்.